நின்றபடியே இருபது

எங்கள் அம்பாசிடர் நின்றுகொண்டிருக்கும்போதே மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும். மழைக்காலத்தில் இருபத்திரண்டு. ஏ.எஸ்.ராவ் நகரில் இதை நம்பாதவர்கள் ஷெட்டுக்கு வந்து ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருமுறை நான் மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், பூட்டிய ஷெட்டுக்குள் டயர் தேய்ந்திருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. என் மாமனாருடையது. அவர் தன் பெண் ருக்மிணிக்கென்று கொடுத்தார், நான் ஓட்டினேன். தொண்ணூற்று மூன்றில் ருக்மிணி டிரைவிங் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்தாள். அந்த வாரமே ஸ்பீடோமீட்டர் கெட்டுப்போனது. தற்செயல்தான். "வேகம் தெரியாத வண்டியை நீ ஓட்டப்படாது. எனக்குக் காதாலேயே தெரிஞ்சுடும்" என்றேன். அவளோ ஒரு நாள்கூட ஓட்டாத லைசென்ஸை ஒவ்வொரு தரமும் தேதி தவறாமல் புதுப்பித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைதோறும் அவளை மௌலா அலி ரயில்வே காலனியில் ஆரோக்கியமேரி வீட்டில் விடுவேன். கல்லூரித் தோழிகள். அரை மணிக்கு மேல் என்ன பேச்சு என்று நான் வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன். முப்பது வருஷமாக அவர்கள் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை என்று பின்னால் தெரிந்தது.

போன மே மாதம் ருக்மிணி சொன்னாள்: "குணசேகரன் சாரை வரச் சொல்லியிருக்கேன். மீட்டரைச் சரி பண்ணித் தரேன்னிருக்கார். சரியாயிடுத்துன்னா அடுத்த வியாழக்கிழமை நானே ஓட்டிண்டு போறேன்."

குணசேகரன் பக்கத்து வீடு. என்னோடு அதே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அளவுக்கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளக்கும் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் 'அடுத்த சோதனைத் தேதி' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த மனுஷர் கையில் மீட்டர் போனால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆகவே அவர் வருவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். டாஷ்போர்டின் அடியில் புகுந்து, கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியைக் கழற்றி, "கம்பி போச்சு, இந்தக் காலத்தில் எங்கேயும் கிடைக்காது" என்று அறிவித்துவிடுவதாகத் திட்டம்.

வண்டியைத் தெருவில் நிறுத்தி, வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கம் மல்லாந்து படுத்தேன். தலை டாஷ்போர்டுக்கு அடியில், கால்கள் இடது கதவுக்கு வெளியே. கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். அப்போது என் கால்களுக்கு யாரோ வணக்கம் சொன்னார்கள்.

"சாம்பசிவம் சார், நான் குணசேகரன். கம்பி சுத்துதான்னு பாத்துருவோமா?"

"சுத்தாது சார். செத்துப்போச்சு."

"பாக்காம எப்படி சார் ரிப்போர்ட் எழுதுறது? ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டேன். இரண்டடி தள்ளுனாப் போதும்."

அவரும் எங்கள் தெரு வாட்ச்மேனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். எங்கள் தெரு சரிவு. இரண்டடி தள்ளிய வண்டி அறுபதடி போய், வேகத்தடையில் முட்டி நின்றது. கம்பி சாகவில்லை. சுற்றியது. அதன் நுனியில் இருந்த பிசிறு என் பூணூலைக் கவ்விக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றியது. என் மார்பு டாஷ்போர்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கு ஒரு அங்குலத்தில் ஃபியூஸ் பெட்டி. கையை மடக்க இடமில்லை.

"கம்பி நல்லா இருக்கு சார்!" என்றார் குணசேகரன்.

நிலைமையைச் சொன்னேன். கத்தரிக்கோல் கொண்டுவருகிறேன் என்றார். "அறுக்கப்படாது. புதுசைப் போட்டுண்டுதான் பழசை எடுக்கணும்" என்றேன். ருக்மிணி புதுப் பூணூலோடு வந்தாள். ஆனால் புதுசு போட உட்கார வேண்டும், கிழக்கே பார்க்க வேண்டும், ஆசமனம் செய்ய வேண்டும். குணசேகரன் போனில் திசைகாட்டியைப் பார்த்தார்.

"சார் மூஞ்சி ஆகாயத்தைப் பாக்குது. அதுக்கு இதுல டிகிரி இல்ல."

"படுத்துண்டே ஆசமனம் பண்ணினா ஜலம் மூக்குல போகும்" என்றாள் ருக்மிணி.

"வண்டியைப் பின்னால தள்ளுங்கோ. சுத்தினது பிரிஞ்சுடும்" என்றேன்.

அது சரியான யோசனை. ஆனால் மேட்டில் தள்ள வேண்டும். குணசேகரனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். வாட்ச்மேனுக்கு அறுபத்தைந்து வயது.

"நக்கோ சாப், முடியாது. கீழே தள்ளச் சொல்லுங்க, தள்றேன்" என்றார் வாட்ச்மேன்.

கீழே தள்ளினால் இன்னும் சுற்றும். நான் பெட்டியில் இருந்த ஃபியூஸ்களை எண்ணினேன். இரண்டு ஃபியூஸ். மறுபடி எண்ணினேன். என் முழங்காலில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது எங்கள் தெருவின் நீளத்துக்கு நடந்தது. உள்ளே பெட்ரோல் வாடையும் என் மூச்சின் சூடும்தான். கத்தினால் குரல் எனக்கே திரும்பி வந்தது. அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

"இன்ஜினைப் போட்டு ரிவர்ஸ் எடுத்தாத்தான் உண்டு. ஸ்டீயரிங்கோட இருக்குற இந்தக் கைகியர் யாருக்கு ஓட்டத் தெரியும்?" என்றார் குணசேகரன்.

வலது பக்கக் கதவு திறந்தது. என் காதுக்குப் பக்கத்தில் ருக்மிணியின் கால் கிளட்ச்சில் வந்து அமர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. என்னிடம் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

"ருக்கு, ரிவர்ஸ் எதுன்னு தெரியுமோன்னோ?"

"தெரியும். ஃபர்ஸ்ட் எதுன்னும் தெரியும்."

எனக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் போட்டால் பத்தடியில் என் கழுத்து கம்பிக்குள் போய்விடும்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கணும். முப்பது வருஷமா கேக்கலை. அந்த முள் ஏன் நின்னுண்டே இருபது காட்றது?"

"பழைய வண்டி. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு."

கியர் 'கடக்' என்றது. எந்தப் பக்கம் என்று கீழேயிருந்து தெரியவில்லை.

"ருக்கு!"

"சொல்லுங்கோ. குணசேகரன் சாரும் கேக்கட்டும். அவருக்கும் காகிதத்துல எழுதணுமே."

பொய் சொல்வது என் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. ஆனால் தலையை அசைக்க முடியாத இடத்தில் அது வரமாட்டேன் என்கிறது.

"நான்தான். ஸ்க்ரூ டிரைவரால முள்ளை வளைச்சேன். லைசென்ஸ் வந்த வாரம்."

வெளியே குணசேகரன் இருமினார். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

"நீ ஓட்டிண்டு போயிட்டா, நான் வீட்டுல தனியா என்ன பண்றது?"

இது மட்டும் நான் யோசித்துச் சொல்லவில்லை. ருக்மிணியின் கால் கிளட்ச்சில் அப்படியே இருந்தது.

பிறகு வண்டி பின்னால் நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை. வாட்ச்மேன் என் இரண்டு கால்களையும் தாங்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தார். சுற்று ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பத்தாவது சுற்றில் நூல் தளர, பன்னிரண்டாவதில் கம்பி என்னை விட்டது. பூணூல் கறுப்பாக, கிரீஸ் பூசி, முழுசாக இருந்தது.

"இறங்குங்கோ" என்றாள். இறங்கினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, தெருவில் நின்றவர்களுக்கு ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு, மௌலா அலி பக்கம் திரும்பிப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமைதான். திரும்பி வந்தபோது விளக்கு வைத்தாயிற்று.

குணசேகரன் மறுநாள் முள்ளை நிமிர்த்திக் கம்பியை மாட்டினார். ஓட்டிப் பார்த்துத்தான் சான்றிதழ் தருவாராம்.

வியாழக்கிழமை காலை நான் சட்டை போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் நின்றேன்.

"நானும் வரட்டுமா?"

"பின்னாடி உக்காருங்கோ" என்றாள் ருக்மிணி. முன்சீட்டில் குணசேகரன் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியமேரி வீட்டு வாசலில் அவள் இறங்கிப் போனபின், நாங்கள் இரண்டு பேரும் மூன்றரை மணி நேரம் அந்த வண்டிக்குள் இருந்தோம். முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. அதை அவர் அரை மணிக்கொருதரம் குறித்துக்கொண்டார்.