ஏழாம் பலகை எழுதிய கவிதை

பள்ளிக்கூடத்தில் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் நூலகரின் மேசைக்கு நேர் எதிரே. எந்த ஆசிரியர் எதை நகலெடுக்க வந்தாலும் நூலகர் கண்ணில் படாமல் போக முடியாது. கண்ணில் பட்டால் கேள்வி வரும்.

"இது யாருது?"

கடுகடுவென்று கேட்க மாட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்பார். ஆனால் விடமாட்டார். நெட்டில் கிடைத்தது என்றால், "கிடைச்சது சரி, எழுதினது யாரு?" என்பார். கீழே பெயரைப் போட்டிருக்கிறேனே என்றால், "நல்ல காரியம். ஆனா பேர் போடறது வேற, அனுமதி கேக்கறது வேற" என்பார். பத்து வரிக்குள் எடுத்தால் தப்பில்லையாமே என்று கணக்கு வாத்தியார் ஒருமுறை மடக்கப் பார்த்தார். "அப்படி ஒரு அளவுகோல் சட்டத்துல இல்ல சார். நாலு வரிக் கவிதையில நாலு வரியும் எடுத்தா முழுசாத்தானே எடுத்தாச்சு?" என்று பதில் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே ஆசிரியர் ஓய்வறையில் அவருக்கு 'யாருது' என்று பெயர் விழுந்துவிட்டது. யாருது சாப்பிடப் போயிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தாள்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நகலெடுக்கப் போகிறவர்கள் இருந்தார்கள். மொழி டீச்சர் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள்.

அவள் பதினான்கு வருடமாக ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுப்பவள். பாடப்புத்தகம் போதாது என்று கதை, கவிதை, கடிதம் என முப்பத்தெட்டு பகுதிகளைத் தானே தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி எழுதி, தாள்களாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அதை ஆசையாகப் படித்தார்கள். அந்த வருடம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "இதைப் புத்தகமா அடிச்சிடலாம். மத்த பள்ளிக்கூடத்துக்கும் விக்கலாம்" என்றார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "நூலகர் ஒரு பார்வை பாத்துடட்டும்" என்று அவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப் போனது.

ஒரு வாரம் கழித்துக் கட்டு திரும்பி வந்தபோது அதில் இருபத்துநாலு இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனாள்.

"இத்தனை வருஷமா வகுப்புல நடத்தறேன். ஒருத்தர் ஒண்ணும் சொல்லல."

"வகுப்புல நடத்தறதுக்குச் சட்டமே கொஞ்சம் இடம் விட்டிருக்கு டீச்சர். புத்தகமா அடிச்சு விக்கறப்ப அந்த இடம் சுருங்கிடும்."

"அப்ப இதெல்லாம் எடுத்துடணுமா? மிச்சம் என்ன இருக்கும், அட்டையா?"

"யார் எடுக்கச் சொன்னா? கேட்டுப் பாப்போம்."

சொன்னவர் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாளருக்கும், காலமானவர்கள் என்றால் அவர்கள் வாரிசுக்கும், எந்தப் பகுதி, எத்தனை வரி, எத்தனை பிரதி என்று விவரமாகக் கடிதம் போனது. பதில்கள் வர ஆரம்பித்தபோதுதான் டீச்சருக்கு முதல்முறையாக உள்ளுக்குள் ஏதோ அசைந்தது. என்னைக் கேட்டு எடுத்த முதல் பள்ளிக்கூடம் நீங்கள்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், முந்தின பதிப்பில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது என்று அதைக் கையால் எழுதி அனுப்பியிருந்தார். ஒருவர் மட்டும் முடியாது என்றார். நூலகர் முணுமுணுக்காமல் அந்தக் கதையை எடுத்து ஓரமாக வைத்தார். "அவர் எழுதினது, அவர் இஷ்டம்."

இடையில் ஒருநாள் அவளிடம் கேட்டார். "பயிற்சிக் கேள்வியெல்லாம் யாருது?"

"என்னுதுதான். வேற யாரு?"

"உங்க பேர் எங்கயும் இல்லையே?"

அவள் அதை யோசித்ததே இல்லை. "பள்ளிக்கூட வேலைதானே சார்?"

"உரிமை பள்ளிக்கூடத்துக்கா உங்களுக்காங்கறதை உங்க நியமன ஆணையைப் பாத்துத்தான் சொல்லணும். ஆனா எழுதினது நீங்கங்கறது எந்த ஆணையாலும் மாறாது. பேரைப் போடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்த வார்த்தை கூடவே வந்தது. தன் பெயரைப் போடச் சொல்லி அதுவரை ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் சீட்டு மிச்சம் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த சின்னக் கவிதை. பழைய தொலைபேசி நிலையத்தில் பலகைமுன் உட்கார்ந்து, கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்கும் பெண் பேசுவதாக வரும்:

இரண்டு ஊருக்கு நடுவே
ஒரு நாற்காலியில் இருந்தேன்.
அழுதவர்கள் அழுதார்கள்,
சிரித்தவர்கள் சிரித்தார்கள்,
எல்லோரும் வைத்துவிட்டுப் போனார்கள்.
கம்பி மட்டும் என் கையில்
இன்னும் சுடராக இருந்தது.

கீழே எல்லாப் புத்தகத்திலும் 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்றுதான் இருக்கும். அந்தச் சுடரை வைத்து டீச்சர் அரைமணி நேரம் பேசுவாள். அன்பின் சுடர், நினைவின் சுடர் என்று பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 'சுடர் எதைக் குறிக்கிறது?' என்பது அவள் வழக்கமாகக் கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்வி.

தலைமையாசிரியை பொறுமை இழந்தார். "பேர் தெரியலைன்னு போட்டு அச்சுக்கு அனுப்புங்க. ஊரே அப்படித்தான் போடுது."

நூலகர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். "பேர் தெரியலைங்கறது வேற, நாம தேடலைங்கறது வேற மேடம். ஒரு மாசம் குடுங்க."

அந்த ஒரு மாதம் அவர் தேடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் டீச்சர்தான். கவிதை எந்தப் புத்தகத்திலிருந்து எந்தப் புத்தகத்துக்குப் போனது என்று பின்னோக்கிப் போனார். சனிக்கிழமைகளில் மைய நூலகத்தின் கீழ்த்தளத்தில், தூசிக்கு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது சனிக்கிழமை டீச்சரும் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தொகுப்பின் முன்னுரையில், 'தொலைபேசி ஊழியர் சங்க ஆண்டு மலரிலிருந்து' என்று பொடி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது. மலரைத் தேடிச் சங்கத்தின் ஓய்வூதியர் அறைக்குப் போனார்கள். அங்கே பழைய மலர்கள் விசிறிக்குக் கீழே, கயிறு கட்டி, முக்காலியாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. ஆறாவது மலரில் கவிதை இருந்தது. கீழே பெயருக்குப் பதிலாக 'பலகை எண் 7' என்று போட்டிருந்தது.

"போச்சு" என்றாள் டீச்சர்.

"போகல. ஏழாம் பலகையில உக்காந்தவங்க யாருன்னு கேப்போம்" என்றார் நூலகர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியை அவளிடம் காட்டினார். "இதைப் பாருங்க டீச்சர்."

கம்பி மட்டும் என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

சுடர் இல்லை, சூடு. எந்தக் காலத்திலோ யாரோ அச்சுக்கோத்தவர் கை தவறி மாற்றிவிட்டார். அதைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து இன்னொருவர். டீச்சருக்குக் காது மடல்கள் சிவந்தன. பதினான்கு வருட அரைமணி நேரங்கள் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன.

சங்கத்தில் பத்திரமாக இருந்த பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஏழாம் பலகையில் அந்த வருடம் மூன்று பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தது. ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் நான் கவிதையெல்லாம் எழுதினதில்லம்மா என்று போனிலேயே சிரித்தார். மூன்றாமவர் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் மகளோடு இருந்தார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் ஸ்பேனர். சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாராம். "ரெண்டு நிமிஷம் உக்காருங்க, தண்ணி நின்னுடும்" என்று உள்ளே போனார். சரியாகத் தண்ணீர் நின்ற பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

நூலகர் மலரின் நகலை நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை எங்க பிடிச்சீங்க? எங்கிட்டகூட இல்லையே."

"நீங்க எழுதினதாம்மா?"

"நான்தான் எழுதினேன். ஆனா அதைச் சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

பிறகு சொன்னார். மகள் ஏழாவது படிக்கும்போது இந்தக் கவிதை பாடமாக வந்திருக்கிறது. இது எங்கம்மா எழுதினது என்று மகள் வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று அந்த வகுப்பு டீச்சர் அவளைப் பாடம் முடிகிறவரை நிற்க வைத்துவிட்டார். அம்மா மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆதாரம் கேட்டார்கள். மலரில் இருந்ததோ பலகை எண் மட்டும். "என்னத்தைக் காட்டறது? அன்னிக்கு வீட்டுக்கு வந்து எம் பொண்ணுகிட்டச் சொன்னேன், இனிமே யார்கிட்டயும் சொல்லாதடின்னு. அவ சின்னப்பொண்ணு, அம்மாவே பொய்தான் சொல்லியிருக்கான்னு நினைச்சுட்டா. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பேசினதே இல்ல."

மொழி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு வருடத்துக்கு முன் அவள் வகுப்பில் ஒரு பெண் தன் மாமாவின் வெல்டிங் பட்டறையைப் பற்றி அருமையான கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். 'எங்கிருந்து எடுத்தாய்?' என்று அதன் மேல் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தது இதே கைதான். அந்தப் பெண் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனது இப்போது நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

"கவிதை எழுதின அன்னிக்கே உரிமை உங்களுக்கு வந்தாச்சும்மா" என்றார் நூலகர். "எங்கயும் பதிஞ்சிருக்க வேண்டியதில்ல. புனைபெயர்ல எழுதினாலும் எழுதினது நீங்கதான். இப்ப சங்கத்துல கிடைச்ச வருகைப் பதிவேடும் இருக்கு, கூட வேலை பாத்தவங்க சாட்சியும் இருக்கு. எங்க புத்தகத்துல போட்டுக்க உங்க அனுமதி கேட்டு வந்திருக்கோம். மாட்டேன்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாட்டேன்னு சொல்லலாமா?"

"தாராளமா."

"இப்படிக் கேட்டதுக்காகவே போட்டுக்கங்க" என்று சிரித்தார் அம்மா. "ஆனா அந்தச் சுடரை எடுத்துடணும். ராத்திரி பகலா கம்பியைப் பிடிச்சுட்டே இருந்தா உள்ளங்கையில சூடாத்தான் இருக்கும். சுடரும் இல்ல, மண்ணும் இல்ல. அதுக்கு அஞ்சு மார்க் கேள்வி வேற கேக்கறாங்களாம், கீழ் வீட்டுப் பொண்ணு சொன்னா, எந்தப் புண்ணியவதியோ."

"நான்தாம்மா அது" என்றாள் டீச்சர்.

அம்மா அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "பாவம், நீ என்ன பண்ணுவே. அச்சுல இருந்ததை நடத்தினே."

கையெழுத்துப் போடும் முன், மகள் வரட்டும் என்றார். மகள் வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தாள். மருந்துக் கடை ஒன்றின் பொறுப்பாளர், முப்பத்தேழு வயது. அம்மா ஒன்றும் விளக்காமல் அனுமதிக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். மகள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். 'மேற்படி கவிதையின் ஆசிரியரான தாங்கள்' என்ற இடத்தில் நின்றாள். அதை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"நிஜமாவே நீதானாம்மா?"

"பின்ன?"

மகள் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நூலகர் எழுந்து, குழாயைப் பார்க்கப் போவதுபோலச் சமையலறைக்குப் போய்விட்டார். இந்த மனிதருக்கா பட்டப்பெயர் வைத்தோம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

புத்தகம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் வந்தது. கவிதையின் கீழே அம்மாவின் முழுப்பெயரும் அதற்குக் கீழே 'பலகை எண் 7' என்பதும் இருந்தன. இரண்டும் வேண்டும் என்று அம்மாதான் கேட்டிருந்தார். அதற்குள் நூலகர், இந்தக் கவிதையைப் பெயரில்லாமல் போட்டிருந்த இணையதளங்களையும் பதிப்பகங்களையும் பட்டியல் எடுத்து, அம்மாவின் சார்பில் எழுத ஆரம்பித்திருந்தார். பாதிப்பேர் திருத்திவிட்டார்கள். மீதிப்பேருக்கு இரண்டாவது கடிதம் போயிருந்தது.

அந்தப் பாடத்தை டீச்சர் தானே நடத்தவில்லை. அம்மாவை வகுப்புக்கு அழைத்து வந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கவிதையை ஒரே ஒரு முறை, சாதாரணமாகப் பேசுகிற குரலில் படித்தார். பின்வரிசையில் மகளும் நூலகரும் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "போன்ல அவங்க பேசறதையெல்லாம் நீங்க கேட்டீங்களா பாட்டி?"

"காதுல விழத்தான் செய்யும்."

"என்ன பேசினாங்க?"

"அது அவங்களுது" என்றார் அம்மா. "நான் சொல்லமாட்டேன்."

வகுப்பே கெஞ்சிப் பார்த்தது. மணி அடிக்கிற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை விடவில்லை.