நகோயாவில் பார்த்தது

கோலா கங்சாரில் பேராக் ஆற்றில் மகனின் அஸ்தியைக் கரைத்துவிட்டு உடையப்பன் காரைக் கிளப்பினார். பக்கத்தில் மனைவி குமுதா சேலை முந்தானையின் ஈரத்தைக்கூடப் பிழியாமல் உட்கார்ந்திருந்தாள். ஜப்பானில் நகோயா நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த தீபன் சைக்கிளில் போகும்போது வேன் மோதி இறந்தான். செய்தி வந்ததிலிருந்து அவள் பேசவேயில்லை. எழுந்து நடக்கவும் தெம்பில்லை. உடையப்பன்தான் தனியாகப் போய் எல்லாம் முடித்து வந்தார்.

ஈப்போ தாண்டியதும் அவள் கேட்டாள். “அந்த ஊர்ல என்னா பாத்தீங்க?”

அவர் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார். “மியூசியம்லா.”

பொய்யில்லை. மகனின் உடலை வாங்குவதற்கான கடிதங்கள் கைக்கு வரத் தாமதமானது. தீபனோடு தங்கியிருந்த தைப்பிங்காரன் ஹைகல், இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல், “ரூம்லயே இருந்தா எப்படி அங்கிள், வாங்க, போலாம்” என்று தினமும் எங்காவது கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த போர்க் கவசங்களைச் சொன்னார். கோட்டைக் கூரையில் தங்கத்தால் செய்த மீன் உருவங்கள். பளபளவென்று துடைத்து நிறுத்திய பழைய ரயில் எஞ்சின்கள். ஒரு பெண் பித்தானை அழுத்தியதும் தானாக ஓடிய தறி.

“துணி வந்துச்சா?”

“வந்துச்சு.”

அந்த எஞ்சின் முன்னால் நின்றபோது காலணி கடித்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. தகன மேடையில் அந்த ஊர் வழக்கப்படி நீளக் குச்சிகளால் மகனின் எலும்புகளை எடுத்துப் பானைக்குள் வைத்ததையும் சொல்லவில்லை.

“அப்புறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை. நிறுத்தினால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள் என்று தோன்றியது.

“அப்புறம் மீன் காட்சிசாலை,” என்றார். அங்கே அவர்கள் போகவேயில்லை.

“தீபன் சொன்ன எடமா? அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னானே.”

“ஆமா. அதான்.”

“பெரிய மீனு இருக்குன்னான்.”

“இருக்கு. கறுப்பும் வெள்ளையுமா. நம்ம வீட்டவிடப் பெருசு. கண்ணாடிகிட்ட வந்து நம்மளப் பாக்கும்.”

குமுதா இருக்கையில் முன்னால் சாய்ந்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிம்பாங் பூலாய் வெளிவழி வந்தது. அவர் திரும்பவில்லை. சாலை கோப்பெங் பக்கம் நேராகப் போனது. முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து வந்து முகப்புக் கண்ணாடியில் மெல்லப் படிந்துகொண்டிருந்தது. அவர் அந்த மீனின் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.