தர்பூசணி ருசியில் ஒரு டப்பா

ரூமானாவைக் கண்டாலே இளவரசிக்கு வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. கடலூரில் இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஓடுவதும் அதே எண்ணூறு மீட்டர். பல்கலைக்கழக அணியில் அந்த ஓட்டத்துக்கு ஒருத்திக்குத்தான் இடம். போன வருஷம் அது ரூமானாவுக்குப் போனது. இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது, விட்டால் விட்டதுதான்.

தோற்றதற்குக் காரணம் கண்டுபிடிக்க இளவரசிக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. ரூமானாவின் மாமா தோஹாவிலிருந்து அனுப்பும், தர்பூசணி ருசி போட்ட அமினோ அமில டப்பா! பயிற்சி முடிந்ததும் ரூமானா அதில் ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, ரோஸ் நிறத்தில் மடக் மடக்கென்று குடிப்பாள். பார்க்கப் பார்க்க இளவரசிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் ஒரு மாமா இருந்தார். இங்கேயே செம்மண்டலத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார், என்ன பிரயோஜனம்?

"முட்டையும் பருப்பும் ஒழுங்கா சாப்புடு, எல்லாம் அதுலயே இருக்கு" என்று பயிற்சியாளர் கலைமணி சொல்லிப் பார்த்தார். காதில் ஏறினால்தானே!

இந்த முறை அணித் தேர்வு நோன்பு மாதத்தில் வந்தது. முதல் நோன்பன்று ரூமானா டப்பாவை இளவரசியிடம் நீட்டினாள்.

"பகல்ல தண்ணியே குடிக்க முடியாது. நோன்பு தொறந்தப்புறம் இதைக் குடிச்சா வயிறு மந்தமாயிடுது. கட்டி தட்டிப் போறதுக்குள்ள நீயாவது குடிடி."

'எனக்கென்ன பிச்சை போடுகிறாளா?' என்று இளவரசியின் மனம் பொருமியது. கை மட்டும் டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டது.

வீட்டில் அம்மா சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னாடி இது?"

"அமினோ ஆசிட்மா."

"ஆசிட்டா? பாத்ரூம் கழுவுறதையாடி குடிக்கிற, பாவி!"

தோட்டத்தில் கொட்டப் போன அம்மாவிடமிருந்து டப்பாவைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரு கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்ததை இளவரசி இரண்டாக்கிக்கொண்டாள். ரூமானாவை விட ஜாஸ்தி இருக்கட்டுமே!

மூன்று வாரம் கழித்து அணித் தேர்வுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் சிதம்பரம் போனார்கள். ரூமானாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. டப்பா என்னிடம், பட்டினி அவளிடம் என்று இளவரசிக்கு உள்ளூர ஒரே குஷி. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு, வெயில் இன்னும் இறங்காத நேரத்தில் ஓட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் இளவரசிதான் முன்னால். இரண்டாவது சுற்றில், கடைசி இருநூறு மீட்டர் இருக்கையில், பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்தது. தாண்டிப் போயே போய்விட்டது. இளவரசி உயிரைக் கொடுத்து ஓடினாள். ஆனாலும் இரண்டாவதாகத்தான் வந்தாள். இடம் போய்விட்டது.

மைதானத்து ஓரக் குழாயில் ரூமானா வாய் கொப்பளித்துத் துப்பினாள். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இளவரசி போய் எதிரில் நின்றாள். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு என்னடி சாப்புடுற?"

"சோறும் பருப்பு ஆணமும். ஏன்?"

"அப்புறம்? பேரீச்சம்பழமா? எத்தினி?"

"ரெண்டு, மூணு..."

"உங்க மாமா வேற எதாச்சும் அனுப்புனாரா?"

ரூமானா சிரிக்கத் தொடங்கி, இளவரசியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப எதைக் குடிக்கிறேன்னு பார்த்துக்கிட்டே இருந்த. இப்ப எதைத் திங்கிறேன்னு கேக்குற. எப்புடி ஓடுறேன்னு ஒருநாளாவது கேட்டியாடி? ஒரு வருஷமா தெனம் காலைல தேவனாம்பட்டினம் பீச் மணல்ல ஓடுறேன். நோன்புலயும் சஹர் முடிச்சுட்டுப் போறேன். ரெண்டு தடவ உன்னையும் கூப்புட்டேன். தூக்கம் வருதுன்னுட்ட."

இளவரசிக்கு நினைவு வந்தது. இரண்டு தடவை இல்லை, நாலு தடவை கூப்பிட்டிருந்தாள்.