பாவம் பண்ணுதாவ

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. கேட்டு வாங்கியது என் தோழி சாருலதா. மும்பை மாதுங்காக்காரி, தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள்.

"எம்பதி பீரியட்னு ஒண்ணு புதுசா வச்சிருக்காடீ. நீதான் கதையெல்லாம் எழுதறியே, திங்கக்கிழமை கிளாஸ்ல படிக்க ஒண்ணு எழுதிக் கொடு. குழந்தைகள் அடுத்தவா மனசைப் புரிஞ்சுக்கணும்."

"அழ வைக்கணுமா?"

"சுலைகா திரும்பி வரணும். அது போறும்."

யார் சுலைகா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்று ஞாயிறு. செம்பூரில் என் மேசை முன்னால் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன்.

2

நடந்தது இதுதான். சுலைகா மூன்றாம் வகுப்புப் பெண். மதியம் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். போன வாரம் சாரு வகுப்பில் கேட்டாள்: "நம்ம கிளாஸ்ல ஒருத்தி தனியா சாப்பிடறா. அவ மனசு எப்படி இருக்கும்?"

மொத்த வகுப்பும் திரும்பி அவளைப் பார்த்தது. "பாவம் டீச்சர்."

அன்று மதியம் பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் டப்பா மூடியில் ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார்கள். சப்பாத்தி, எலுமிச்சை சாதம், பாதி கடித்த வடாபாவ். சாருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து சுலைகா வரவில்லை.

3

முதல் தொடக்கம்: "தாயில்லாத சுலைகாவுக்குச் சோறு ஊட்ட…"

(அடித்துவிட்டேன். அவள் அம்மா ஷமீமா நன்றாக இருக்கிறாள். பை தைக்கிற பட்டறையில் வேலை.)

இரண்டாவது: "திக்குவாய் என்பதால் சுலைகாவோடு யாரும்…"

(வாய் ஓயாதவளாம்.)

மூன்றாவது: "டப்பாவில் இருந்த பழைய சோற்றை மறைத்துக்கொண்டு…" *

* ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு கஷ்டம் கிடைக்காதா என்று காலையிலிருந்து தேடுகிறேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

4

வேறு வழியில்லாமல் சாருவுக்கே போன் போட்டேன். நேற்று அவள் சுலைகாவின் வீட்டுக்குப் போயிருந்தாளாம்.

"என்ன சொன்னாலும் வரமாட்டேங்கா டீச்சர். நீங்களே கேளுங்க" என்றிருக்கிறாள் ஷமீமா.

சுலைகா சொன்னது: "எல்லாரும் என்னயப் பாவம் பண்ணுதாவ."

பரிதாபப்படுகிறார்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். பாவம் பண்ணுவது என்றால் வேறு என்று டீச்சர் திருத்தியிருக்க வேண்டும். சாருவுக்கு வாய் வரவில்லை. (எனக்கும் வராது. எத்தனையோ எழுதியிருக்கிறேன், இவ்வளவு சரியாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை.)

"சரி, ஏன் தனியா சாப்பிடறே?"

"நான் மெதுவாத்தான் திம்பேன். மத்த பிள்ளைங்க முழுங்கிட்டு வெளாடப் போயிரும். ஜன்னல்ல லோக்கல் ரயில் போறது தெரியும். பாத்துக்கிட்டே திம்பேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எல்லாரும் என்னயப் பாக்காவ."

அவ்வளவுதான். மெதுவாகச் சாப்பிடுகிறவள். இதை வைத்து எப்படிக் கதை எழுதுவது என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு வெட்கம். ரயில் பார்த்துக்கொண்டு ஒருத்தி சாப்பிட்ட நல்ல மத்தியானத்தை, அன்பு காட்டியே பிடுங்கிவிட்டார்கள்.

ஷமீமா நாளை ஒரு நாள் அனுப்பிப் பார்ப்பாளாம். மறுபடியும் இப்படி நடந்தால் கல்யாணில் பெரியம்மா வீட்டில் விட்டு, அங்கே ஏதாவது இந்திப் பள்ளியில் சேர்த்துவிடுவாளாம்.

5

முடிவு ஒன்று: வகுப்பே எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறது. (திரும்பவும் எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவள் கல்யாணுக்குப் போய்விடுகிறாள். ஜன்னலோரம் காலியாக… (உங்கள் வாயில் அந்தச் சொல் வருகிறது பாருங்கள்.)

கதை கிடையாது என்று சாருவிடம் சொல்லிவிட்டேன். வகுப்பில் படித்தால் எல்லாக் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும். எழுதியதை வீணாக்க மனம் வராமல் உங்களிடம் தருகிறேன்.

நாளை திங்கள் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தாயிற்று. அவள் வந்திருக்கிறாள், ஜன்னலோரம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. உங்களுக்கும் எட்டு வயது, கையில் டப்பா. "இங்க உக்காரட்டா?" என்று கேட்கிறீர்கள்.

அவள் ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் "வேண்டாம்" என்கிறாள்.

அப்படியே நகர்ந்து போகத் தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முடிவை நானே எழுதியிருப்பேன்.