தப்பில்லாமல் வாசித்த நாள்

என் ஆர்மோனிய வாசிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுமார். சுமாருக்கும் ஒரு படி கீழே என்பாள் என் மனைவி ரஹீமா. அதனால் எனக்கென்ன? பகல் முழுக்க மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடையில் கைலி மடித்துவிட்டு, காஜா பெராங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து துருத்தியை அசைத்தால் நான் ராஜா. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு வாசிப்பேன். தெரிந்தது ஒரே ஒரு பழைய நாடக மெட்டு. அதிலும் இரண்டாவது அடி முடிகிற இடத்தில் ஒரு கறுப்புக் கட்டையைத் தொடவேண்டும். என் விரல் பக்கத்து வெள்ளைக் கட்டையில்தான் போய் விழும். பதினோரு வருடமாக அங்கேயேதான் விழுந்துகொண்டிருந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்ட மறுவருடம், நாற்பத்தொன்பதில், பக்கத்து வீட்டுச் சின்னப்பா தன் தங்கை தெய்வானையின் புருஷனைக் கொண்டுவந்து ஒளித்து வைத்தான். சின்னப்பா மலாக்காச் செட்டி. பெயரும் கோயிலும் தமிழ், வாயைத் திறந்தால் மலாய். தங்கை புருஷன் ஜெயபாலன் ரப்பர் தோட்டத்துப் பையன், யூனியன் செயலாளர். யூனியனைத் தடை செய்து ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டால் முதலில் சிறை, பிறகு கப்பல். மூன்று வயதில் வந்தவனுக்கு இந்தியாவில் யாரைத் தெரியும்? இங்கே தோட்டத்தில் தெய்வானை முழுகாமல் இருந்தாள்.

சின்னப்பா காலையில் வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். ஊருக்கு அது ஆளில்லாத வீடு. தமிழ் பேச ஆளில்லாமல் ஜெயபாலன் தவித்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். பின்னால் ஒரே கிணற்றடி. சாயங்காலம் நான் வாசிப்பதுதான் அவனுக்கு நாடகம், சினிமா எல்லாம். நான் அந்த இடத்தில் தப்பியதும் பலகையில் டொக், டொக் என்று இரண்டு தட்டு விழும்.

"அந்த இடத்துல மட்டும் ஏன் பாய் குப்புற விழுறீங்க?"

"நீ வாசிச்சுப் பாருடா தம்பி, தெரியும்."

"நீங்க தப்பில்லாம வாசிக்கிற அன்னைக்கு, எவன் நின்னாலும் சரி, கிணத்தடி வழியா வந்து உங்களுக்குக் கை குடுக்கிறேன்!"

"அப்ப இந்தப் புள்ள இந்த ஜென்மத்துல வெளிய வராது" என்றாள் ரஹீமா. மூவரும் சிரித்தோம். வாயில் வந்ததைச் சொல்லிச் சிரிப்பதுதானே, யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

அடுத்த வாரம் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கருணாகரன் என்று பெயர் சொன்னான். ரோட்டில் போகும்போது வாசிப்பைக் கேட்டானாம், கால் நகரவில்லையாம். "பாய், உங்க கையில ஏதோ இருக்கு" என்றான். என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் மனிதன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். அவன் குரல் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுகூட வராது.

"பதினோரு வருஷமா கேக்குற எனக்கே சகிக்கல, இவனுக்கு மட்டும் எப்படி இனிக்குது? ஆதாயமில்லாம செட்டி ஆத்தோட போவானா?" என்று ரஹீமா என் காதைக் கடித்தாள். பொறாமை என்று நினைத்தேன். மடையன்.

மூன்றாம் நாள் நான் வழக்கமான இடத்தில் தப்பினேன். அவன் சிரித்தான். பாராட்டின் மயக்கத்தில், "எனக்குத் தெரியாட்டியும் சுவத்துக்குத் தெரியும் தம்பி. தப்பினா ரெண்டு தட்டுத் தட்டும்" என்று சொல்லித் தொலைத்தேன். தவளை தன் வாயால் கெடும். ரஹீமாவின் கையிலிருந்த தேத்தண்ணி தட்டில் சிந்தியது. அவன் சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, "நல்ல சுவர்" என்றான்.

மறுநாள் மதியம் கடை வாசலில் ஒரு போலீஸ் ஜீப் போனது. வெள்ளைக்கார அதிகாரிக்குப் பக்கத்தில் அதே வெள்ளைச் சட்டை. மடித்துக்கொண்டிருந்த கைலியை அப்படியே போட்டேன். தலைவலி என்று பொய் சொல்லி, வெயிலில் சைக்கிளை மிதித்தேன். ஜெயபாலனைப் பின்பக்கமாக அனுப்பிவிடவேண்டும், அவ்வளவுதான் மனதில் ஓடியது.

கதவைத் திறந்தால் கருணாகரன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரஹீமா அவன் எதிரே பாயில், முகத்தில் ரத்தமே இல்லாமல். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் உதட்டில் விரலை வைத்தான். மற்ற கை சட்டையைக் கொஞ்சம் தூக்கியது. இடுப்பில் துப்பாக்கி. பிறகு ஆர்மோனியத்தைக் காட்டினான்.

நான் அவன் பெயரை உரக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், சுவருக்கு அந்தப் பக்கம் புரிந்திருக்கும். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி நான். உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன்.

தப்பினால் சுவர் தட்டும். தட்டினால் தீர்ந்தான். யா அல்லாஹ், இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை. கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. சந்தோஷம் என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். இரண்டாவது அடி வந்தது. விரல் உயர்ந்து, சரியாகக் கறுப்புக் கட்டையில் இறங்கியது.

சுவர் தட்டவில்லை. பாட்டை முடித்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ரஹீமா கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் வாளி உருண்டது. பின்கதவு படாரென்று திறந்தது.

"பாய்! வாசிச்சுட்டீங்களே பாய்!"

பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, வலது கையை நீட்டியபடி ஜெயபாலன் உள்ளே வந்தான். அந்தக் கையைத்தான் கருணாகரன் பிடித்தான். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அவன் கையில் விலங்கை மாட்டியபடியே கருணாகரன் உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னான்: "சுவத்துல ரெண்டு தட்டு கேட்டாப் போதும்னுதான் வந்தேன் பாய். நீங்க ஆளையே கூப்பிட்டுக் குடுத்துட்டீங்க."

ஜெயபாலன் என்னைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"இதுக்குத்தான் கத்துக்கிட்டீங்களா பாய்?"

இல்லை தம்பி என்று நான் சொல்வதற்குள் இழுத்துப் போய்விட்டார்கள்.

சின்னப்பாவை எட்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். ஜெயபாலனைக் கப்பலேற்றினார்கள். தெய்வானை கைப்பிள்ளையோடு வந்து என் வாசற்படியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஊர் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றது. கடிதம் எழுதலாமென்றால் அவன் விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

மெர்டேக்கா அன்று, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளில், தெருவெல்லாம் கொடி. ரஹீமா கொண்டாட்டம் பார்க்கப் போனபிறகு, எட்டு வருடம் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தேன். வாசித்தேன். விரல் தானாகக் கறுப்புக் கட்டைக்கே போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே வெள்ளைக் கட்டையை அழுத்தினேன். அழுத்திவிட்டு, சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன்.