வால்கயிறு

1962 டிசம்பர் 6, டான்யூப் ஆற்றின் கழிமுகம், கியோர்கி கிளையாறு. ஸ்டர்ஜன் மீனுக்குப் போட்ட தூண்டில்களைப் பார்க்கப் போன தெரெந்தி மகாரோவ், வயது நாற்பத்தொன்று, கரை திரும்பவில்லை. மறுநாள் காலை அவனுடைய படகு நாணல் புதரில் காலியாகக் கிடைத்தது.

அடுத்த சில நாள்களில் ஆற்றில் பனிக்கட்டி வரத் தொடங்கியது. முதலில் ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஏடு போல. பிறகு தட்டுத் தட்டாக. இன்னும் ஓரிரு நாளில் ஆறு மூடிக்கொள்ளும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூடினால் மார்ச் வரை திறக்காது. திறக்கும்போது அடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு கருங்கடலுக்குப் போய்விடும்.

தெரெந்தியின் தம்பி நிகிஃபோர் பதினோராம் தேதி காலை ஆற்றடியைத் துழாவும் கொக்கிக் கயிற்றைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். முந்தின நாள் வில்லோ மரத்துக்குக் கீழே உள்ள மடுவில் கொக்கி ஒரு கையுறையைத் தூக்கி வந்திருந்தது. அண்ணனுடையதுதான். ஆக ஆள் அந்த மடுவில் கிடக்கிறான். அதன் நேர் மேலே படகை அசையாமல் நிறுத்தினால் போதும்.

தெரெந்தியின் மனைவி மத்ரியோனா கரையிறங்கி வந்தாள். யாரிடமும் பேசாமல் படகின் மூக்கில் செருகியிருந்த கோடாலியை உருவிக் கரையில் வைத்தாள்.

"அண்ணி, அது கயிறு வெட்டுறதுக்கு."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணியில கிடக்கறவரைத் தேடிப் போற படகுல வெட்டுற இரும்பு இருக்கக்கூடாது. கரைக்கு வர்ற வழிய அது அறுத்துடும். உங்க அப்பாவைத் தேடினப்ப நீயே கத்தியைக் கழட்டி வெச்சியே."

"அது ஜூலை மாசம் அண்ணி."

"செத்தவங்களுக்கு மாசம் ஏது?"

பக்கத்து வீட்டு லாவ்ர் துடுப்புகளோடு வந்து சேர்ந்தான். ஒரு பல் ஆடும் வாய். தாடியில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். "அப்போ இந்தக் கொக்கி என்ன தங்கச்சி, மரமா?"

"கொக்கி இழுக்கும் அண்ணே. அறுக்காது."

"என் பொண்டாட்டி நாக்கையும் கரையில விட்டுட்டு வரச் சொல்லு அப்ப. அதைவிடக் கூரா எதுவும் இந்த ஊர்ல இல்ல."

மத்ரியோனா சிரிக்கவில்லை. தன் பேனாக்கத்தியைக் கோடாலியின் பக்கத்தில் வைத்துவிட்டு லாவ்ர் படகில் ஏறினான். நிகிஃபோர் அவளிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு ஏறினான். அவளும் ஏறிக்கொண்டாள். மீன் அறுக்கும் கத்தி அவனுடைய கம்பளி பூட்ஸுக்குள், கணுக்காலை ஒட்டி இருந்தது. டிசம்பரில் கத்தி இல்லாமல் நங்கூரம் போடும் அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. லாவ்ரிடம் சொல்லலாம் என்று நினைத்தான். லாவ்ர் வாயில் எதுவும் தங்காது.

மடுவைத் தாண்டி நீரோட்டத்துக்கு எதிரே கொஞ்ச தூரம் துடுப்பு வலித்துப் போய், இடப்பக்கம் ஒரு நங்கூரம், வலப்பக்கம் ஒரு நங்கூரம் இறக்கினார்கள். இரண்டு கயிறுகளையும் மூக்கு வளையத்தில் கட்டிக்கொண்டு நீரோட்டத்தில் மெல்லப் பின்வாங்கினார்கள். கவட்டைக் கிளையின் நடுவில் பிடித்தது போல் படகு நின்றது. ஆனால் வடக்கிலிருந்து காற்று. மூக்கு நின்றாலும் வால் ஆடியது. மத்ரியோனா நடுப்பலகையில் மண்டியிட்டுக் கொக்கிக் கயிற்றை இறக்கினாள். கொக்கி மடுவைத் தொடும்போதெல்லாம் படகு விலகிப்போனது.

"இது படகா தொட்டிலா?" என்றாள். "ஆட்டாதீங்கப்பா."

லாவ்ர் வாலில் மூன்றாவது நங்கூரத்தை வீசினான். கயிற்றை வழக்கம்போல் ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்குப் போட்டான். காற்று தள்ளத் தள்ள அது நழுவியது.

"மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போடுண்ணே," என்றான் நிகிஃபோர். "இறுக்கிப் போடு."

"வால்ல முடிச்சுப் போடறதா? உங்கப்பன் இருந்திருந்தா துடுப்பாலேயே அடிச்சிருப்பான் மாப்ளே."

"இன்னிக்கு ஒரு நாள்தான்."

லாவ்ர் முடிச்சுப் போட்டான். படகு தரையில் நட்டது போல் நின்றுவிட்டது. நனைந்த கயிறு அப்படியே உறைந்து வெளுத்தது. மத்ரியோனா மடுவை ஓரத்திலிருந்து ஓரம் வரை துழாவினாள். ஒருமுறை வேர் மாட்டியது, ஒருமுறை பழைய வலை. லாவ்ர் இடுப்புக் குப்பியிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினான், இருவரும் வாங்கவில்லை.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் கயிறு கனத்தது. வேர் போல் வெடுக்கென்று நிற்காமல், மெதுவாக, கூடவே வந்தது. மத்ரியோனா கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"வர்றாரு," என்றாள்.

அப்போதுதான் மூக்கில் நின்ற நிகிஃபோர் ஆற்றின் மேல்வளைவில் ஒரு பனிப்பாளத்தைப் பார்த்தான். முற்றம் அளவுக்கு இருந்தது. கரையில் பிடித்திருந்த பனி, காற்றில் பெயர்ந்து வந்திருக்க வேண்டும். நேராக அவர்களைப் பார்த்து வந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பமே இல்லை. வாலை முதலில் விட வேண்டும், பிறகு மூக்கை. மாற்றிச் செய்தால் படகு திரும்பி, தாழ்ந்த வாலைக் காட்டிக்கொண்டு நீரோட்டத்தில் நிற்கும்.

"லாவ்ரண்ணே, வாலை விடு."

"முடிச்சு கல்லாயிருச்சுடா." லாவ்ர் குனிந்து பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றி எறிந்தான். "யாராவது ஒரு ஊசியாச்சும் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

நிகிஃபோரின் கை பூட்ஸுக்குள் போனது. கத்தியை லாவ்ரிடம் தள்ளிவிட ஒரு நொடி போதும். ஆனால் வாலை விட்டால் படகு ஆடும்; ஆடினால் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். தண்ணீருக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மத்ரியோனா நெய்து கொடுத்த இடைக்கச்சை. கொக்கி அதில்தான் மாட்டியிருந்தது. இன்னும் ஒரு ஆள் நீளம்கூட இல்லை.

"இரு," என்றான் நிகிஃபோர். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

பாளம் மூக்குக் கயிறுகளின் மேல் ஏறியது. மூக்கு அமிழ்ந்தது. தண்ணீர் அவன் முழங்கால் வரை ஏறியது. அவன் கத்தியை உருவி, கைக்கெட்டிய கயிறுகளை அறுத்தான். கைக்கெட்டியவை மூக்குக் கயிறுகள்.

படகு சுழன்றது. வால்கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டது. கயிற்றைத் தளர்த்த ஒரு சுற்றை முழங்கையில் போட்டிருந்த லாவ்ர் நிமிரவில்லை. வளையம் பலகையோடு பிய்ந்தது. பலகையோடும் கயிற்றோடும் லாவ்ர் தண்ணீருக்குள் போனான். பாளம் அந்த இடத்தின் மேல் நகர்ந்து போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பாதி நிரம்பிய படகு கரையோரமாக ஒதுங்கியது. மத்ரியோனா கயிற்றை விடவில்லை. அவள் மணிக்கட்டுத் தோல் உரிந்திருந்தது. நிகிஃபோர் அண்ணனை அக்குளில் பிடித்துச் சேற்றில் இழுத்துப் போட்டான். கத்தியை அதற்கு முன்பே ஆற்றில் விட்டிருந்தான்.

"லாவ்ரண்ணன்?" என்றாள் மத்ரியோனா.

நிகிஃபோர் ஆற்றைக் காட்டினான்.

தெரெந்தியைப் பதிமூன்றாம் தேதி புதைத்தார்கள். மண் கெட்டிப்பட்டிருந்ததால் குழிக்குள் நெருப்பு போட்டுத் தோண்ட வேண்டியிருந்தது. அதற்குள் ஆறு மூடிவிட்டது. சாவுச் சாப்பாட்டுக்குத் தேன் கலந்த கோதுமை வைத்திருந்தார்கள். லாவ்ரின் மனைவி பெலகேயா வந்தாள், தலைத்துணியைக் கண்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு. நிகிஃபோருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"முடிச்சை அவிழ்த்துட்டு இருந்தாரா?"

"ஆமா அக்கா."

"மூக்குக் கயிறு எப்படிப் போச்சு?"

"பனி அறுத்துருச்சு."

"ஒரு கோடாலி இருந்திருந்தா வாலையும் விட்டிருக்கலாம், இல்ல?"

நிகிஃபோர் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் வாய் திறப்பதற்குள் மத்ரியோனா எழுந்தாள். கட்டுப்போட்ட கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"கோடாலியை எடுத்து வெச்சது நான், அக்கா. இவன் எடுக்க வேணாம்னுதான் சொன்னான். கேட்கணும்னா என்னைக் கேளு."

பெலகேயா கோதுமையைத் தொடாமல் எழுந்து போனாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நிகிஃபோர் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

மார்ச் கடைசியில் பனி உடைந்தது. ஆண்கள் நான்கு படகுகளில் லாவ்ரைத் தேடினார்கள். பெலகேயா கரைக்கு வந்து ஒவ்வொரு படகிலும் கோடாலி இருக்கிறதா என்று பார்த்த பிறகே போகவிட்டாள். மத்ரியோனாவை யாரும் கூப்பிடவில்லை. நிகிஃபோர் முதல் படகில் போனான். லாவ்ரின் உடல் கிடைக்கவில்லை.