ஐந்தாம் எதிரி

இரட்டைப் பட்டம் படிக்கச் சேருகிற ஒருவரை அந்தக் கல்லூரி இரண்டு ஆளாகப் பதிந்துகொள்ளும். சட்டத்துக்கு ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர். உடம்பு ஒன்றுதான் என்பதால் இரண்டு வகுப்புகளையும் ஒரே நேரத்தில் வைப்பதில்லை. மற்றபடி அடையாள அட்டை இரண்டு, வருகைப் பதிவு இரண்டு, குழுப் படத்தில் நிற்க இடம் இரண்டு.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் மாசிலாமணி ஐம்பத்தெட்டாம் வயதில் அங்கே சேர்ந்தார். அதுவரை அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். அவற்றில் பாதி அவரே எழுதியவை. முப்பத்திரண்டு வருஷப் போராட்டத்தில் நீதிமன்றம் போனபோதெல்லாம் ‘நீர் என்ன வக்கீலா?’ என்று கேட்டு உட்காரவைத்தார்கள். கருத்தரங்குக்குப் போனபோதெல்லாம் ‘தரவு இருக்கிறதா?’ என்று கேட்டு உட்காரவைத்தார்கள். இனி இரண்டு இடத்திலும் நின்று பேசுவது என்று முடிவெடுத்து இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டார்.

மூன்று வருஷத்தில் சட்ட மாசிலாமணி பிரிவு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார். சமூகவியல் மாசிலாமணி அந்தப் பிரிவுகளை யார் யாருக்காக எழுதினார்கள் என்று சொன்னார். இருவருக்கும் பெரிய பழக்கமில்லை. ஒருவருடைய குறிப்பேட்டை மற்றவர் திறந்தால் கையெழுத்து புரியாது.

அந்தச் சித்திரையில் பதினேழாம் நம்பர் உப்பளத்தின் வாசலில் அவர் போய் நின்றார். கூடவே உப்பு வாரும் செல்வக்கனி, அவள் கொழுந்தன் இசக்கிமுத்து, அந்தோணிப்பிச்சை. பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்கு நாளைக்கு ஒரு டிரம் குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. வேண்டுமென்றேதான் நாலு பேர். ஐந்து பேர் நின்றால் சட்டவிரோதக் கூட்டம். நாலு பேர் நின்றால் வெறுமனே நிற்பது. அந்தக் கணக்கைச் சொன்னது சட்ட மாசிலாமணி.

இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணினார். நாலு. பிறகு மாசிலாமணியின் சட்டைப் பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்து என்று எழுதிக்கொண்டார்.

குற்றப்பத்திரிகை ஒழுங்காகத் தயாராகியிருந்தது. நான்காம் எதிரி, மாசிலாமணி, சட்டம். ஐந்தாம் எதிரி, மாசிலாமணி, சமூகவியல். தப்பு கண்டுபிடிக்க அவர் இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. நிரூபணமானால் ஆளுக்கு ஆறு மாதம். உள்ளே போய் வந்தவர்களை எந்த உப்பளமும் திரும்பச் சேர்ப்பதில்லை. செல்வக்கனி வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

விசாரணையன்று டவாலி ஐந்து பெயர்களையும் கூப்பிட்டார். ஐந்தாம் பெயருக்கு மாசிலாமணி கூண்டுக்குள்ளேயே ஓரடி தள்ளி நின்றார். எல்லாருக்குமாக வாதாடியது சட்ட மாசிலாமணி.

“கூண்டில் நாலு தலைதான் தெரிகிறது,” என்றார் நீதிபதி அம்மாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். “பதிவேட்டில் நீங்கள் இரண்டு பேராக இருக்கிறீர்கள். அது அப்படி இருக்கும்வரை ஐந்துதான். இரண்டரைக்குத் தீர்ப்பு.”

வெளியே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நால்வரும் கூடினார்கள்.

“அண்ணாச்சி, உங்கள யாரு ரெண்டாளா வரச்சொன்னா?” என்றாள் செல்வக்கனி.

“நான் ஒருத்தன்தான வந்தேன்.”

“இப்பம் பேசுதது யாரு? வக்கீலா, மத்தவரா?”

மாசிலாமணி யோசித்தார். “வக்கீல்.”

“அப்பம் மத்தவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க, கழண்டுக்கிடுவாரான்னு. உள்ள போனா எங்க வீட்ல உலை வைக்க நாதி கெடையாது.”

“ரெண்டு பேர்ல யாரு நல்லாப் படிப்பா?” என்று கேட்டான் இசக்கிமுத்து.

“மத்தவன்தான்.”

“அவர விட்டா கூண்டுல நின்னு பேசுவாரா?”

“அவனுக்கு அங்க பேச அனுமதி இல்ல.”

“அப்பம் என்ன யோசன? மணி பன்னெண்டே முக்காலு. ஆட்டோவப் பிடிங்க.”

கல்லூரி அலுவலகத்தில் பியூலா என்ற எழுத்தர் மட்டும் இருந்தார். சமூகவியல் மாசிலாமணி விலக வேண்டும் என்றதும் புளிச்சோற்றை மூடி வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தார்.

“டி.சி.யா, சேர்க்கை ரத்தா? டி.சி.ன்னா சார் இன்னைக்குத்தான் போறார்னு அர்த்தம், சித்திரையில இருந்திருப்பார். ரத்துன்னா எப்பவுமே வரல.”

“ரத்து.”

“விலகுறவர் கையெழுத்து இங்க. பாதுகாவலர் கையெழுத்து கீழ.”

பாதுகாவலர் இடத்தில் மாசிலாமணி சரசரவென்று போட்டுவிட்டார். மேல் இடத்தில் பேனா ‘மா’ என்று எழுதி நின்றது. அவர் அழுத்திப் பார்த்தார். கை அசையவில்லை. சுவரில் மணி ஒன்று நாற்பது.

“அவருக்கு விருப்பமில்லேன்னா கட்டாயப்படுத்த முடியாது சார்,” என்றார் பியூலா.

மாசிலாமணி வராந்தாவுக்குப் போய் மாசிலாமணியிடம் பேசினார். துண்டறிக்கை நடையில் மூன்றே வாக்கியம். தோழர்கள் மூன்று பேர் கூண்டில் நிற்கிறார்கள். நீ அவர்களைப் பற்றித்தான் இத்தனை நாளும் எழுதினாய். எழுதியது உண்மையென்றால் கையெழுத்துப் போடு. பதில் வரவில்லை. மறுப்பு வராவிட்டால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக எடுத்துக்கொள்வது சங்கத்தின் வழக்கம். முப்பத்திரண்டு வருஷமும் எல்லாத் தீர்மானங்களும் அப்படித்தான் நிறைவேறின. அவர் உள்ளே திரும்பினார். கை எழுதியது.

“படிச்சதையும் வச்சிட்டுப் போகணும்,” என்றார் பியூலா.

மாசிலாமணி பையிலிருந்த ஆறு சமூகவியல் குறிப்பேடுகளை மேஜைமேல் வைத்தார். பிறகு மேஜைமேல் கையை ஊன்றிச் சற்றுக் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது தலையின் இடது பக்கம் லேசாக இருந்தது. பியூலா எதையோ துடைத்து இழுப்பறைக்குள் தள்ளி, ரசீது கொடுத்தார்.

நீதிமன்றத்துக்கு ஓடி வந்தபோது இரண்டு முப்பத்தேழு. நீதிபதி அமர்ந்திருந்தார். அரசு வக்கீல் தீர்ப்பைக் கேட்க வாகாகச் சாய்ந்திருந்தார். மாசிலாமணி ரசீதை நீட்டினார். அது பெஞ்ச் கிளார்க் கைக்குப் போய், மேலே ஏறி, விளக்குக்கு நேராகப் பிடிக்கப்பட்டு, கீழே வந்தது.

“உங்கள் வாயால் சொல்லுங்கள். எத்தனை பேர்?”

எந்த ஊர்வலத்திலும் போலீஸ் நூறு என்றால் மாசிலாமணி ஆயிரம் என்றவர். ஆயிரம் என்று எழுதிவிட்டால் அடித்தாலும் மாற்றாதவர். ஒரு தடவை மழையில் பதினோரு பேர் வந்த கூட்டத்தையும் ‘மக்கள் கடல்’ என்று அச்சடித்தவர். முதுகுக்குப் பின்னால் செல்வக்கனி மூச்சு விடுவது கேட்டது.

“நாலு பேர், அம்மா.”

போலீஸ் கணக்கைவிடக் குறைத்து அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

“நாலு,” என்று நீதிபதி எழுதிக்கொண்டார். “ஏன் நின்றீர்கள்?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்து மூன்று என்று பிரிவுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெயில் ஞாபகம் வந்தது. வெள்ளையாக ஏதோ கண்ணைக் கூசவைத்தது.

“தெரியலம்மா.”

“தண்ணிக்கும்மா!” என்று கத்தினாள் செல்வக்கனி. “குடிக்கத் தண்ணி கேட்டு நின்னோம். அண்ணாச்சி, சொல்லுங்களேன்!”

“வாதாடுகிறவர் சொன்னால்தான் பதியலாம்,” என்றார் நீதிபதி. ‘காரணம் தெரிவிக்கப்படவில்லை’ என்று எழுதினார். நாலு பேர் நின்றது குற்றமாகாது என்பதால் முதல் நான்கு எதிரிகளும் விடுதலை.

அந்தோணிப்பிச்சை கும்பிட்டான். செல்வக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

டவாலி வாசலுக்குப் போய் ஐந்தாம் எதிரியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. குற்றப்பத்திரிகையில் இருக்கிறவர் கோர்ட்டில் இல்லையென்றால் அவர் தலைமறைவு. கூட்டம் வேறு, தலைமறைவு வேறு. நீதிபதி பிடிவாரண்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. நால்வரும் படியிறங்கும்போதே இரண்டு கான்ஸ்டபிள்கள் மாசிலாமணிக்கு இடது பக்கம், ஓரடி தள்ளி, யாரும் நிற்காத இடத்தில் விலங்கைப் பூட்டினார்கள். விலங்கு மணிக்கட்டு உயரத்தில் நின்றது.

“சாப்பிட்டாரான்னு கேளுங்க,” என்றாள் செல்வக்கனி.

“அங்க கொடுப்பாவ,” என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

ஜீப்பின் பின்பக்கம் ஒரு ஆள் கனத்துக்குத் தாழ்ந்தது. மற்ற கான்ஸ்டபிள் கதவில் கை வைத்து உள்ளே பார்த்தார்.

“காலக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க அண்ணாச்சி, கதவச் சாத்தணும்.”

சற்றுப் பொறுத்துக் கதவைச் சாத்தினார்.